இடுக்கியிடம் கேட்ட கேள்வி

காஜா பேராங் டிஸ்பென்சரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசராகச் சேர்ந்தேன். ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். காலில் புரையோடிய புண்ணோடு சனங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மருந்து கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்து அவித்ததுதான் பேண்டேஜ்; கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர்தான் லோஷன். போர்செப்ஸ் இடுக்கியால் அழுகிய சதையை எடுக்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் தெருவரைக்கும் கேட்கும்.

கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்த கமலா அங்கே அட்டெண்டன்ட். என் வயதுதான். தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் வராது; பல தலைமுறையாக அங்கேயே ஊறிப்போன செட்டிகள் பேசும் மலாய்தான். பிள்ளை அழுதால் போர்செப்ஸை வாய்போலத் திறந்து மூடி, கீச்சுக்குரலில் "லாப்பார்! லாப்பார்!" என்பாள். நானும் அதே குரலில் அதைத் தமிழில், "பசிக்குது! பசிக்குது!" என்பேன். பிள்ளை திகைத்துப் பார்ப்பதற்குள் வேலையை முடித்துவிடுவோம். எங்களுக்கு அது ஒரு தந்திரம், அவ்வளவுதான்.

ஒருநாள் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா ஆறு வயது மகளைத் தூக்கி வந்தார். பெயர் பாக்கியம். புண்ணில் எலும்பு தெரிந்தது. பிள்ளை அழவே இல்லை.

"பேசவே மாட்டேங்குது தம்பி. அவங்கப்பாவ ஜப்பான்காரனுங்க சயாம்ல ரயில் பாதை போடுற வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாளைக்கு வந்துருவாருன்னு எல்லாரும் சொன்னோம். கேக்குறத நிறுத்திருச்சு. பேச்சும் நின்னு போச்சு."

காலைத் தொடவிடாமல் பாக்கியம் இழுத்துக்கொண்டாள். கமலா போர்செப்ஸைத் திறந்து மூடினாள். "லாப்பார்!"

"பசிக்குது!" என்றேன் நான்.

பாக்கியம் போர்செப்ஸை உற்றுப் பார்த்தாள். பிறகு அதனிடமே மெல்லக் கேட்டாள்:

"நீ சயாமுக்குப் போனியா? எங்கப்பாவப் பாத்தியா?"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கமலாவுக்குக் கேள்வி புரியவில்லை; என் முகத்தைப் பார்த்தாள். "பாத்தேன், நல்லா இருக்காரு" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த இரும்பு இந்த அறையைத் தாண்டியதில்லையே.

"நான் இங்கயேதான் கெடக்குறேன் புள்ள. எனக்குத் தெரியாது," என்றேன் கீச்சுக்குரலில்.

பாக்கியம், "எனக்கும் தெரியாது," என்று சொல்லிக் காலை நீட்டினாள்.

சுத்தம் செய்து முடிக்கும்வரை போர்செப்ஸோடு பேசிக்கொண்டே இருந்தாள்; வலித்தபோது அதை வைதாள். கட்டுப் போட்டதும் தாய் பக்கம் திரும்பி, "அம்மா, தண்ணி," என்றாள்.

சில மாதங்களில் புண் ஆறியது. நான் அங்கே இருந்தவரை அவளுடைய அப்பா திரும்பவில்லை.

பிறகு எத்தனையோ வருஷம் பிள்ளைகள் வார்டில் வேலை பார்த்தேன். ஊசியை, மருந்துப் புட்டியை, கட்டிலைப் பேச வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எந்தப் பொருளுக்கும் குரல் கொடுங்கள், அதற்குத் தெரியாததை மட்டும் அதன் வாயால் சொல்லாதீர்கள். மனிதர்களிடம் கேட்டுச் சலித்த பிறகுதான் ஒரு பிள்ளை இரும்பிடம் கேட்கிறது.