வெறும் குழாயில் எழும்பிய கோடு

இது நான் இட்டுக்கட்டிய கதை இல்லை. போன நவம்பர் இரண்டாம் திகதி, மன்னார் உப்புக்குளத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய் இருட்டினால்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சுவேதினியைக் கேட்டுப் பாருங்கள். அவள் வாயால் வந்த வினை அது.

உப்புக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில், பல்கலைக்கழக இரசாயனப் பகுதியின் சின்ன ஆய்வுகூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவள் சுவேதினி. மேசையில் ஓர் இ.பி.ஆர். மெசின். காந்தத்துக்கு நடுவே குழாயை இறக்கினால், உள்ளே இருக்கும் பொருளில் சோடி சேராமல் தனித்து நிற்கும் இலத்திரன்களைத் திரையில் கோடாகக் காட்டும். சிப்பி, எலும்பு, பல்... ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பல்லில் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லும். பல்லுக்குரியவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒருநாளும் சொல்லாது.

அதற்கு மூன்று நாளைக்கு முன்னர், கீரி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து மெற்றில்டா வந்தாள். அவளுடைய மகன் கொலின்ஸ் எட்டு மாதத்துக்கு முன் கடலுக்குப் போனவன். படகும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டாம் திகதி, மரித்தோர் திருநாளன்று, கல்லறைகள் இருக்கும் சேமக்காலையில் செத்தவர்களின் பெயரை வாசித்துப் பூசை வைப்பார்கள். மகனின் பெயரைக் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால், பெற்றவளே அவனைச் சாகடித்த மாதிரி. கொடுக்காமல் விட்டு, அவன் செத்திருந்தால்? அந்த ஆத்துமாவுக்காக வேண்ட ஆளில்லை. சோறு தண்ணி இல்லாமல் மனுசி இதையே நினைத்து உருகிக்கொண்டிருந்தாள்.

கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பாற்பல். எல்லாரும் கூரையில் எறிவார்கள்; இவள் ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

"இது என்ர பிள்ளையின்ர பல். உங்கட மெசினில வைச்சுப் பாருங்கோ. அவனுக்கு உயிர் கிடக்கோ எண்டு சொல்லுங்கோ."

"அம்மா, மெசினுக்கு அது தெரியாது."

"பல்லுக்குத் தெரியும்தானே!"

சுவேதினி பல்லை வாங்கினாள். வைத்தாள். கோடு பெரிதாக எழும்பவில்லை. பாற்பல்லுக்கு அப்படித்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த சுவேதினிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒரு தடவை வாய்விட்டு அழுதால் மனுசி ஆறிவிடும் என்று நினைத்தாள். பாவம் பார்த்துப் பொய் சொன்னாள்.

"பேரைக் குடுங்கோ அம்மா. அவர் இல்லை எண்டுதான் காட்டுது."

மெற்றில்டா அழவில்லை. சிலுவை போட்டாள். பல்லைத் திரும்ப முடிந்துகொண்டு போனாள்.

இரண்டாம் திகதி. மதியம் 12.10. சிப்பித் தூள் அளக்க முன்னர், வழக்கம்போல வெறும் குழாயை வைத்துப் பார்த்தாள் சுவேதினி. கோடு நேராக ஓட வேண்டும். ஓடவில்லை... நடுவில் ஒரு சின்ன மேடு. அழுக்காயிருக்கும் என்று குழாயைக் கழுவினாள்.

1.25. மேடு இரண்டு மடங்கு.

2.50. புதுக் குழாய் போட்டாள். மேடு இன்னும் உயர்ந்தது. கடைசியில் குழாயே இல்லாமல் அளந்தாள். உள்ளே வெறும் காற்று. அப்போதும் அதே மேடு... அதே இடத்தில்.

4.25. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். சிப்பி பொருந்தவில்லை. எலும்பு பொருந்தவில்லை. ஒன்று மட்டும் அச்சொட்டாகப் பொருந்தியது.

கொலின்சின் பல்.

பல் தாயிடம் இருக்க, கோடு இங்கே எழும்புகிறதென்றால் அவன் உயிரோடு கிடக்கிறான்! ஐயோ, நான் என்ன சொல்லித் தொலைத்தேன்! சேமக்காலையில் நாலு மணிக்கே பூசை தொடங்கியிருக்கும். ஓட்டோ பிடித்தாலும், போய்ச் சேர்வதற்குள் பேரை வாசித்துவிடுவார்கள்.

4.31. மெற்றில்டாவுக்கு அடித்தாள். போன் ஓஃப்.

4.38. கொலின்சின் தங்கை பெற்றிசியாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது. மெசினுக்குள்ளிருந்து...

டொக்.

டொக்... டொக்...

4.45. பெற்றிசியா எடுத்தாள். மெல்லிய குரல்.

"அக்கா, பேர் வாசிக்கினம். பிறகு எடுங்கோ."

"கொலின்சின்ர பேரை நிப்பாட்டு! பாதரிட்ட ஓடிப்போய்ச் சொல்லு!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? அம்மா இப்பதான் அழத் தொடங்கியிருக்கிறா..."

"நான் சொன்னது பொய்யடி!"

போனுக்குள்ளால் ஒலிபெருக்கி கேட்டது. "யாகப்பர்... நீக்கிலாஸ்..."

டொக் டொக் டொக் டொக்...

மேடு திரையை முட்டியது. சுவேதினி மெசினை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். வேறு என்ன செய்வாள்?

"கொலின்ஸ்..."

சத்தம் நின்றது.

கோடு நேராக ஓடியது.

மணி 4.47.

பதினொரு நாள் கழித்து, அக்கரையில் அகதி முகாமில் இருக்கும் ஒரு சொந்தக்காரன் படம் ஒன்று அனுப்பினான். தமிழ்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி. கரையில் ஒதுங்கி, எட்டு மாதமாக நினைவில்லாமல் கிடந்த ஆள். பெயர் ஊர் தெரியாது. கொலின்ஸ்தான். இரண்டாம் திகதி பின்னேரம் 4.47க்குச் செத்ததாக ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது.

தாய்க்குப் பேசத் தெம்பில்லை. தாதிக்குப் போன் எடுத்துக் கேட்டவள் சுவேதினி.

"கஷ்டப்பட்டவரோ, மிஸ்?"

"எட்டு மாசமா ஒரு வார்த்தை பேசலைங்க. அன்னிக்கு மத்தியானம் திடீர்னு வாயைத் திறந்தாரு. சாகுற வரைக்கும் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டி, ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

"என்ன சொன்னவர்?"

"‘அம்மா, நான் இருக்கிறன்... நான் இருக்கிறன்...’னு."