பெட்டிக்குள் அடித்த ஃபோன்

கொரோனா ஓய்ந்து கம்பெனிகள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு ஹெச்.ஆர். வேலை. ஷிப்ட் மாற்றம், லீவு, பஸ் நேரம் எல்லாவற்றையும் இனி வாட்ஸ்அப் குரூப்பில்தான் சொல்வது என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ஐந்து பேர் முடிவு செய்தோம். மைக்கில் அறிவிப்பதை நிறுத்தினோம். "லேண்ட்லைனுக்கு இப்ப யாருங்க பேசறாங்க?" என்றார் முதலாளி. அதையும் எடுத்தாயிற்று. எனக்கு ஒரு வேலை குறைந்த சந்தோஷம் வேறு.

தையல் பிரிவுக்குள் யாரும் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டால் சாயந்திரம்தான் கைக்கு வரும். அந்த விதியை எழுதியதும் நான்தான். இரண்டும் இடிக்குமே என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஃபோன்கள் மேசைமேல் அல்லவா இருந்தன!

மூன்றாவது வாரம். பொங்கலூரிலிருந்து வரும் டெய்லர் ஒருவர். கணவர் இல்லை, இரண்டாவது படிக்கும் ஒரே மகள். வேலை முடிந்து கேட்டில் ஃபோனை வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பள்ளியிலிருந்து பதினான்கு மிஸ்டு கால். முதல் கால் காலை பதினொரு மணிக்கு. முன்பெல்லாம் பள்ளியிலிருந்து ஆபீஸுக்குப் பேசுவார்கள். நான் மைக்கில் பெயரைச் சொல்வேன். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவார்.

என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். "நல்ல காய்ச்சலுங்க. ஆபீஸுக்கும் அடிச்சுப் பார்த்தோமுங்க, அந்த நம்பரே இல்லைன்னு வருதுங்க" என்றார். பெஞ்சில் சுருண்டு கிடந்த பிள்ளை கண்ணைத் திறந்து, "நீ வரவே மாட்டியோன்னு இருந்துச்சும்மா" என்றது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க மேடம், அந்தப் பழைய ஃபோன் உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார். கூனிக்குறுகிப் போனேன்.

மறுநாளே லேண்ட்லைனைத் திரும்பக் கேட்டேன். "குரூப்லயே பழகிக்கட்டுமுங்க" என்றார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆப் மாறிவிட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும், "ஃபோனைப் பெட்டியில போட்டவங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்கிறேன். "பார்த்துக்கலாமுங்க" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்தப் பிள்ளை இப்போது ஆறாவது. அவள் பள்ளியில் அவசரத்துக்கு என்று கொடுத்திருப்பது என் எண்ணைத்தான். அது அடித்தால் எந்தக் கூட்டத்திலிருந்தும் எழுந்து போய்விடுகிறேன். அன்று பதினான்கு முறை அடித்ததை ஒரு தாயின் காதுக்கு எட்டவிடாமல் செய்ததில் என் கையும் இருந்ததே.