நோன்புக்குப் போட்ட வரம்பு

ஜுவைரியா எதற்கும் பயப்படுவாள். கூனிமேட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதே, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குப் போன் போடுகிறவள். மரக்காணத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ஆறு வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. அவளைக் கேலி செய்தே எனக்குப் பொழுது போகும்.

அன்று புயல். உப்பளப் பக்கமிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வர, நோயாளிகளை ஒவ்வொருவராகத் திண்டிவனம் கிளைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே சர்வர் நின்றால் ஹைதராபாத்தில் இருக்கும் அதன் நகல் வேலையை ஏற்றுக்கொள்ளும். திண்டிவனத்தில் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். நகல் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கக் கூடாது. மாலை ஆறே முக்காலுக்கு அது நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது.

"அண்ணா, ஏறிக்கிட்டே போவுதுண்ணா."

ஜுவைரியா லைனைச் சோதித்தாள், நன்றாக இருந்தது. டிஸ்கில் இடம் இருந்தது. தகவல் அனுப்பும் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள், நாற்பத்திரண்டு. பிறகு கிராஃபைத் திறந்தாள். கோடு சரியாக ஆறு மணிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. நேற்றும் ஆறு மணி. முந்தாநாளும்.

"அல்லாவே, இது நான் போட்டது."

ரமலானில் நோன்பு திறந்த பிறகுதான் ஓ.பி.க்குக் கூட்டம் வரும். கம்ப்யூட்டர் இழுக்கிறது என்று டாக்டர்கள் சத்தம் போட்டதால், ஆறு மணிக்கு மேல் நகலுக்குப் போகும் தகவலின் வேகத்தை இவள்தான் குறைத்துவைத்தாள். பெருநாள் போய் எட்டு மாதமாகிறது. அந்த வரம்பை எடுக்க மறந்துவிட்டாள். தினமும் விடிவதற்குள் நகல் எட்டிப்பிடித்துவிடும். காலை ஒன்பது மணிக்குத் திரையில் பச்சை விளக்கைப் பார்த்து டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன் நான். இந்த லட்சணத்தில் அவளைக் கேலி வேறு.

வரம்பை எடுத்தாள். முப்பது, இருபது, பதினைந்து. ஒன்பது நிமிடத்துக்கு வந்தபோது ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் அணைந்தது. அந்த ஒன்பது நிமிடத்தில் பதிந்தது எதுவும் நகலுக்குப் போய்ச் சேரவில்லை.

இருட்டில் மாடி வார்டுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

"கடைசி பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர்ல யாருக்கு என்ன ஏத்துனீங்க?"

நர்ஸ் பிரியங்கா யோசித்தாள். "கொளஞ்சி அக்காவுக்கு ஆன்டிபயாட்டிக் டெஸ்ட் டோஸ் போட்டேன். உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அந்த மருந்து ஆவாதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்."

"பேப்பர்ல?"

"இல்லியே. வண்டி போயிடுச்சு."

கொளஞ்சி உப்பளத்தில் காலைக் கிழித்துக்கொண்டு, காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவள். அவளாக எதுவும் சொல்ல மாட்டாள். திண்டிவனத்துத் திரையில் அந்த ஊசியைப் போடலாம் என்றுதான் இருக்கும்.

போனில் டவர் இல்லை. லேண்ட்லைன் செத்துக் கிடந்தது. ஜுவைரியா மொட்டை மாடிக்கும் வாசலுக்குமாக நனைந்துகொண்டே நம்பரைப் போட்டாள். ஒரு மணி நேரம் போட்டாள். எட்டே காலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்து, திண்டிவனம் நர்ஸ் எடுத்தாள்.

"கொளஞ்சிக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடாதீங்க! ஆவாது!"

"சிரிஞ்ச்ல எடுத்துட்டேங்க, இன்னும் போடல. கம்ப்யூட்டர்ல அப்படி ஒன்னும் இல்லியே?"

ஜுவைரியா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"இருக்காதுங்க," என்றாள். "அது வராம நான்தான் மறிச்சு வெச்சிருந்தேன்."