சாத்தனூர்க் கரையில் ஒரு கல் வீடு

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வேங்கிக்காலில் ஆட்டோ ஏறினோம். சாத்தனூர் அணைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். போக வர ஆயிரத்து இருநூறு என்று ஓட்டுநர் பாபு கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குப் பறவை பார்க்க ஆசை. பக்கத்துப் போர்ஷன் செல்வி அக்காவுக்கு எங்கேயாவது போனால் போதும். வைகாசிக்குள் அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். வேறு வீடு அமையவில்லை.

ஏழு மணிக்குள் நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றோம். கோடையில் தென்பெண்ணை பின்வாங்கிக்கொண்டே போகிறது. அது விட்டுப்போன சேற்றில் நத்தை, நத்தையைத் தேடி நத்தைகுத்தி நாரை, ஆழத்தில் மீன், மீனுக்கு நீர்க்காகம். முதலையும் உண்டு. அது கண்ணில் படாததில் எனக்கு வருத்தமே இல்லை.

"தண்ணி கம்மி, அதான் பட்சிங்க ஜாஸ்தி. கிட்ட போவாதீங்க" என்றார் பாபு.

திரும்பிப் பார்த்தால் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் பொறுக்குகிறார். சொந்த வீடு வேண்டிக் கல் அடுக்குவது எங்கள் ஊரில் கிரிவலப் பாதையிலேயே பழகிவிட்ட விஷயம். நாலு கல்லைக் கண்டால் கை தானாகப் போய்விடும். கீழே மூன்று, மேலே இரண்டு வைத்தாயிற்று. மொட்டை மாடிக்கு ஒன்று தேடும்போது தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி ஒன்று ஓயாமல் கத்தியது.

"கூடு இருக்குதுக்கா, அப்படியே நில்லுங்க" என்றேன்.

அதற்குள் எடுத்துவிட்டார். "இன்னாமா இது, கல்லு கதகதன்னு இருக்குது?"

முட்டை. காலடியில் கூழாங்கற்களுக்கு நடுவே இன்னும் மூன்று, கற்களைப் போலவே புள்ளி போட்டவை. அதை அங்கேயே வைத்தார்.

"தொட்டுட்டா திரும்பி வராதாமே?"

"தொட்டா பரவால்லக்கா. நாம நின்னாத்தான் வராது."

ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நேரமானால் முட்டை தாங்காது. குருவி இறங்கியது, ஓடி வந்தது, அக்காவின் கல் வீட்டைப் பார்த்து நின்றது, திரும்பிப் பறந்தது.

அக்கா இறங்கிப் போனார். கற்களைப் பரப்பிவிட்டு வேகமாக வந்தார். "அதும் வீட்டக் கெடுத்துட்டு எனக்கு வீடா?"

கொஞ்ச நேரத்தில் குருவி மறுபடி வந்தது. சுற்றிப் பார்த்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டைகள் மேல் உட்கார்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பாபு சாவியைத் திருப்பப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணாத தம்பி. இப்பதான் குடி வந்துருக்குது."

மூவருமாக ஆட்டோவை மேட்டு ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.