புள்ளி அக்காவின் ஃபோன்

கேபிளின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை ஃபோனைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார் புள்ளி அக்கா. ஐந்து சுற்று, மேலே ஒரு ரப்பர் பேண்ட். கட்டி முடித்த கையோடு சந்தேகம் வந்துவிடும். பிரிப்பார். மறுபடி கம்ப்யூட்டரில் செருகி, கோப்பு நிஜமாகவே ஃபோனுக்குள் போயிருக்கிறதா என்று முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திறந்து பார்ப்பார். மறுபடி ஐந்து சுற்று.

"இவ அந்த ஃபோனுக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, கூட்டிட்டுக் கிளம்பறதுக்குள்ள ரெண்டு பஸ் போயிடும்" என்பார் வீட்டுக்காரர்.

பார்வை இல்லாதவர்கள் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் புத்தகங்களைத் தட்டச்சு செய்வது அக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். எல்லாம் புள்ளிதான்; பெயரும் அப்படித்தான் வந்தது. ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஆறு புள்ளி, விசைப்பலகையிலும் ஆறே விசை. வேண்டியவற்றை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட அக்காவின் விரல்கள் பலகையின் ஓரத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்.

தட்டச்சு வீட்டில், அச்சு ஊரின் மறுகோடியில். அங்கே தாளில் புள்ளி குத்தும் இயந்திரம் இருக்கிறது. அதோடு இணைந்த பழைய கம்ப்யூட்டருக்கு, வைரஸ் வந்துவிடும் என்ற பயத்தில் இணையம் கொடுக்கவில்லை. அதனால் கோப்பைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

பென் டிரைவ் என்றாலே அக்காவுக்கு ஆகாது. மூன்றைத் தொலைத்திருக்கிறார். "அது தொலைஞ்சா தொலைஞ்சதுதான். கூப்பிட்டா ஏன்னு கேக்குமா? ஃபோன்னா மணி அடிச்சா போதும், எந்தச் சந்துல கிடந்தாலும் கத்தும்ல?" வாதம் சரியாகத்தான் இருந்தது.

ஃபோனில் படம் என்று பார்த்தால் நாலுதான். "இடம் அடைச்சுக்கும்" என்று சொந்த அண்ணன் மகளின் கல்யாணத்தில்கூட ஒரு படம் எடுக்கவில்லை. மற்றதெல்லாம் கோப்புறைகள். அவற்றுக்கு அக்கா வைக்கும் பெயர்கள் அலாதி. 'ஒல்லி வக்கீல்.' 'இருமுற பெரியவர் கதைங்க.' 'அவசரம்னு சொல்லிட்டு வராதவர்.'

அன்றைக்குக் கொண்டுபோனது டீச்சருடைய கோப்பு. டீச்சர் இன்னும் டீச்சர் ஆகவில்லை. பார்வை இல்லாத அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வேலைக்கான தேர்வில் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு முறை போய், இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். மறுநாள் காலை வெளியூரில் மூன்றாவது முறை. பாலங்களைப் பற்றிய பாடம், ஐம்பது பக்கம். பகல் இரண்டு மணிக்கு ரயில். அச்சகத்துத் தாழ்வாரத்து பெஞ்சில், மடியில் பையோடு பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். பை சரிந்தது. படியில் மோதி, குப்புற விழுந்தது ஃபோன்.

எடுத்துப் பார்த்தால் திரை கன்னங்கரேலென்று கிடந்தது. நம்பிக்கை விடாமல் ஓட்டமும் நடையுமாக அச்சகத்துக்குப் போய், கேபிளை உருவிச் செருகினார். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது, அவ்வளவுதான். ஒரு கோப்பும் தெரியவில்லை.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?" என்றார் மெஷின்காரர். அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர், நாற்பதைத் தாண்டியவர், பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

"தம்பி... ஃபோன் போச்சு. கீழ விழுந்து செத்துப்போச்சு."

"வீட்டுல இன்னொரு காப்பி இருக்குமே?"

"இருக்கு. அவர் வேலைக்குப் போயிட்டாரு, வீடு பூட்டிக் கிடக்கு. நான் போய்ட்டு வர மூணு மணி நேரம் ஆகும். ரயில் போயிடுமே!"

மணி பதினொன்றே கால். தாழ்வாரத்தில் டீச்சர் பையின் பட்டையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

மெஷின்காரர் தன் ஃபோனிலிருந்து அக்காவின் எண்ணை அழைத்தார். கறுப்புக் கண்ணாடி அதிர்ந்து கத்தியது.

"உசிரோடதான்க்கா இருக்கு. திரை மட்டும்தான் போயிருக்கு."

"திரை போனா எல்லாம் போச்சே! கோப்பை மாத்தட்டுமான்னு இதுல கேக்கும். நான் சரின்னு தொடணும். எங்க கேக்குதுன்னே தெரியலையே தம்பி, ஒண்ணுமே தெரியலையே!"

மெஷின்காரர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அக்கா, வாங்கின நாள்லேர்ந்து என் ஃபோன் எனக்கு இப்படித்தான் இருக்கு. குடுங்க இப்படி."

ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். போன மாதம் ஏதோ சோதனைக்காக அந்த ஃபோனில் பேசும் குரலை அவரே அமைத்து வைத்திருந்தார். ஃபோன் பேசியது. "திரை பூட்டப்பட்டுள்ளது."

"பூட்டு நம்பர் சொல்லுங்க."

அக்கா தயங்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"இதுக்குப் பூட்டே வேண்டாமேக்கா!"

அவர் விரல் கண்ணாடியில் மெல்ல ஊர்ந்தது. தொட்ட இடத்தையெல்லாம் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பூட்டு திறந்தது. மேலிருந்து இழுத்தார். "யூ.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஆகிறது." இருமுறை தட்டினார். "கோப்புப் பரிமாற்றம்." அதையும் இருமுறை தட்டினார்.

கம்ப்யூட்டர் மறுபடி 'டிங்' என்றது. இந்தத் தடவை அதனுடைய குரலும் பேச ஆரம்பித்தது. மெஷின்காரர் அம்புக்குறி விசையை அழுத்த அழுத்த, கோப்புறைகளின் பெயரை உரக்க வாசித்தது. "ஒல்லி வக்கீல். இருமுற பெரியவர் கதைங்க. டீச்சர். டீச்சர் மறுபடியும்..."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். தாழ்வாரம் வரை கேட்டிருக்கும்.

"...டீச்சர் இந்தத் தடவை கண்டிப்பா."

பெஞ்சிலிருந்து சிரிப்பு வெடித்தது. "அக்கா! இப்படியா பேர் வெச்சிருக்கீங்க?" டீச்சர் சுவரைத் தொட்டபடி உள்ளே வந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பின்னே? மூணையும் ஒரே பேர்லயா வைக்க முடியும்?" என்ற அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தாள் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இயந்திரம் தடதடவென்று குத்தத் தொடங்கியது. சுவர்க் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. ஐம்பது பக்கமும் முடிய முக்கால் மணி நேரம். ரயிலுக்கு அதற்கு மேலும் நேரம் இருந்தது.

முதல் தாள் வந்ததும் டீச்சர் வாங்கி விரலை ஓட்டினார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. திரும்பிப் போய் மறுபடி வந்தது.

"அக்கா... 'ஆற்றின் குறுக்கே பெரிய பாவம் கட்டினார்கள்'னு இருக்கு."

மெஷின்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிரெயிலில் 'ல'வுக்கு மூன்று புள்ளி. பக்கத்தில் ஒன்று கூடிவிட்டால் 'வ'. அக்காவின் மோதிர விரல் எப்போதோ ஒரு விசையைக் கூடுதலாகத் தொட்டிருக்கிறது.

"குடுங்க டீச்சர்" என்று அக்கா தாளை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அந்த ஒற்றைப் புள்ளியைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, அது தட்டையாகும் வரை தேய்த்தார். பிறகு டீச்சரின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.