பின்வாசலில் கெட்டிமேளம்

“நீ ஒரு வாக் நடத்துனா யாரும்மா வருவாங்க? ஞாயித்துக்கிழமை காலைல வந்து அழுதுட்டுப் போறதுக்கா?”

ராகவன் சார் இதை அன்பாகத்தான் கேட்டார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் இசை வளர்ந்த இடங்களை ‘வாக்’ என்ற பெயரில் நடந்தே சுற்றிக் காட்டுகிறவர் அவர். போன மாதம் நானும் அந்த நடையில் சேர்ந்துகொண்டேன். எனக்கு ராகம் எதுவும் பிடிபடாது. கச்சேரியில் எப்போது கைதட்ட வேண்டும் என்பதைப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதுவும் பல்கலைக்கழகம் வரை. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வாத்தியக் கடையில், தவில் வாசிப்பவர்கள் வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளை அவர் எங்களிடம் கொடுத்துக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னார். என் கைக்கு வந்ததும் மோந்து பார்த்தேன். காய்ந்த மைதாப் பசை.

எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையலறையில் எப்போதும் அந்த வாடைதான். அப்பா கோயில் தவில்காரர். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். பசையில் தோய்த்த துணிநாடாவை விரலில் சுற்றிக் காயவிடுவார். காயும்வரை அவரால் எதையும் தொட முடியாது. நான்தான் காப்பியை வாயருகே பிடிப்பேன். “சிந்தாம குடுறி, மேடம்” என்பார். பள்ளிச் சீருடையில் இருந்தால் நான் அவருக்கு மேடம்.

அடுத்து, சார் எங்களைக் கோயில் முன்வாசலில் நிறுத்தினார். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது, அதை அமுக்கத்தான் கெட்டிமேளம் என்று சொல்லி, ஃபோனில் ஒன்றை ஒலிக்கவிட்டார்.

“ஓ, நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் மாதிரி லா?” என்றாள் ஒரு பாலிடெக்னிக் மாணவி.

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரிக்க ஆரம்பித்தேன்.

பல வருடங்களுக்கு முன், பதினைந்து வயதில், நான் உயர்நிலை மூன்று படித்துக்கொண்டிருந்தேன். அதே கோயிலில் ஒரு கல்யாணம். அம்மா பந்தி பரிமாறும் வேலைக்கு வந்திருந்தார். நான் சும்மா கூட வந்தவள். காலையிலிருந்தே அப்பா இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கிளினிக் போய்ட்டு வந்துருங்களேன்” என்றார் அம்மா.

“முகூர்த்தம் முடியட்டும். போலாம்.”

மேளக்காரர்கள் பின்வாசலை ஒட்டிய மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் விரலை உயர்த்தினார். நாயனமும் இரண்டு தவிலும் ஒன்றாக எழும்பின. அந்த நேரத்தில் அப்பா மெதுவாகத் தன் தவில்மேலேயே சாய்ந்தார். தூங்குகிறாரோ என்றுகூட நினைத்தேன். அம்மா கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். அம்மாவின் வாய் திறந்திருந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

நாயனக்காரர் செல்வம் மாமா அப்பாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாயனத்தை இன்னும் உயர்த்தினார். மற்ற தவில்காரர் இன்னும் ஓங்கி அடித்தார். மணப்பெண் தலையைத் திருப்பவில்லை. அட்சதை விழுந்தது.

ஆம்புலன்ஸ் பின்வாசலுக்குத்தான் வந்தது. முன்வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வம் மாமா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “நிறுத்தியிருந்தா உங்கப்பாவே என்னைய மன்னிச்சிருக்க மாட்டாரு, புள்ள” என்றார். அது உண்மை என்பதுதான் இன்றும் எனக்குத் தாங்கவில்லை. யார்மேல் கோபப்படுவது? அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பொண்ணு காதுல எதுவும் விழலையே?” அதன்பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

“நாய்ஸ் கேன்சலிங்தான். ரொம்ப நல்லாவே வேலை செய்யும்” என்றேன் அந்த மாணவியிடம். பிறகு கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நடை முடிந்ததும் சார் என்னைத் தனியாக அழைத்தார். இதெல்லாம் நடையில் சொல்கிற விஷயமில்லை, வருகிறவர்கள் சந்தோஷமாகப் போக வேண்டும் என்றார். “அப்ப நானே ஒரு வாக் நடத்துறேன் சார்” என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

திரும்பும்போது பின்வாசலைப் பார்த்தேன். மேடையை இடித்துவிட்டுச் செருப்பு அலமாரி வைத்திருக்கிறார்கள். மேளக்காரர்கள் இப்போது முன்மண்டபத்தில் உட்காருகிறார்கள். செல்வம் மாமாவும் அந்த இன்னொரு தவில்காரரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே நடந்ததற்கு என்னையும் அம்மாவையும் தவிர சாட்சி கிடையாது.

பின்வாசல் செருப்பு அலமாரியிலிருந்து ஒரு வாக் தொடங்கப்போவதாக அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே, “யாரு கேப்பா அதையெல்லாம்?” என்றார்.

“அன்னிக்கு நீ கத்துனத யாரும் கேக்கலம்மா.”

கத்தி சற்று நின்றது. “நான் வரமாட்டேன்” என்றார். பிறகு, “செருப்பு வைக்கிற எடத்துல நிக்காத. கொஞ்சம் தள்ளி, சாக்கடைப் பக்கமா. அங்கதான் அவர படுக்க வச்சாங்க” என்றார்.

நேற்று மாலை அறிவிப்பைப் போட்டுவிட்டேன். ஞாயிறு காலை, இலவச நடை. புறப்படும் இடம்: கோயில் பின்வாசல், செருப்பு அலமாரிக்குச் சற்றுத் தள்ளி.