கோர்ட்டு வாசல் சட்டை

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் அவர். ஒடிசலான உடம்பு, வெயிலில் காய்ந்து கறுத்த முதுகு. காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு வெற்றுடம்போடு வருவார். உள்ளே நுழைந்த பிறகுதான் மஞ்சள் பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார். திரும்பும்போது கழற்றி மடித்துவிடுவார். அந்த ஊர்ப் பெரிய நிலக்காரர் கண்ணெதிரே இவர்கள் தெருக்காரர் யாரும் சட்டை போடக் கூடாதாம். நான் இந்தக் கூலிக்காரருடைய வக்கீலின் குமாஸ்தா.

இவர் குடிசை இருந்த மனையைக் காலி செய்யச் சொல்லி அந்த நிலக்காரர் போட்ட கேஸ் அது. அவருடைய ஆட்கள் கோர்ட்டு வாசலிலேயே நின்றார்கள். எங்கள் பக்கம் சாட்சி சொல்ல வந்த ஒருவரை அடித்தும் விட்டார்கள். பிறகு எவரும் வரவில்லை. கேஸை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டு ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டோம். செங்கல்பட்டுக்கு மாற்றி உத்தரவானது. கேஸே ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

செங்கல்பட்டில் முதல் வாய்தா. நிலக்காரரைத் தெரிந்தவர்கள் அங்கே கிடையாது. அப்படியும் கூலிக்காரர் வெற்றுடம்போடுதான் வந்து பையைத் திறந்தார்.

“இங்க யாருக்குப்பா பயப்படறே? வூட்லேர்ந்தே போட்டுக்கினு வர்றதுதானே?” என்றேன்.

பொத்தானை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நம்மூர்லேர்ந்து இங்க வர்றது ஒரே பஸ்ஸு சாமி. அது அவுங்க பஸ்ஸு.”

சாட்சிகளும் அதே பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும். கையிலிருந்த சாட்சிப் பட்டியலைக் கேஸ் கட்டுக்குள் செருகினேன்.

சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி, ஒரு சுருக்கமும் விழாமல் மடித்துப் பையில் வைத்தார். அந்த பஸ்ஸுக்குத்தான் போனார்.